மேல் வீட்டுச் சத்தம்

தங்கம்: ஏம்மா நிப்பாட்டிட்ட?

பெதானி: எதை ஆன்ட்டி?

தங்கம்: அதான்... மேலேர்ந்து வருமே, கர்ர்ர்... கர்ர்ர்னு. லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரின்னு அலையறேன். வீட்ல இருக்கிற நேரமெல்லாம் காதைத் தீட்டி வெச்சுக் கேட்டுட்டேன். ஒரு சத்தமும் காணோம். மெஷின் ரிப்பேரா?

பெதானி: மெஷினுக்கு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. நீங்க முதல்ல உள்ள வாங்க. வாசல்லயே நின்னுக்கிட்டு...

தங்கம்: கீழ் வீட்டுக்காரி துடைப்பக்கட்டையோட வந்துட்டாளேன்னு பயந்துட்டியா?

பெதானி: ஐயோ, இல்ல ஆன்ட்டி!

தங்கம்: பயந்தாலும் தப்பில்ல. எங்க முகட்டை நான் தட்டின தட்டுல உன் தரையே பேர்ந்திருக்கணும்.

பெதானி: அதை விடுங்க. அங்கிள் எப்படி இருக்காரு? அதைச் சொல்லுங்க முதல்ல.

தங்கம்: எழுந்து உக்கார்றாரு. கஞ்சி குடிக்கிறாரு. காலையில நர்ஸ் பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு பாத்ரூம் வரைக்கும் நடந்தாராம்.

பெதானி: மாதாவே... நடந்தாரா?

தங்கம்: நடந்தாரு. தொண்டையில விட்டிருந்த டியூபையும் எடுத்துட்டாங்க. ஆனா புண்ணா இருக்கு, பேச்சு சரியா வரல. "மேல... மேல..."ங்கிறாரு. மேல போறேன்னு சொல்லிக்கிறாரோன்னு வார்டுலயே அழுதுட்டேன். அப்புறம் பார்த்தா விரலை முகட்டுப் பக்கம் காட்டி, "மேல் வீடு"ங்கிறாரு.

பெதானி: மேல் வீடா... எங்க வீட்டையா?

தங்கம்: வேற எந்த வீடு? போய்த் திரும்பி வந்த மனுஷனுக்கு முதல் ஞாபகம் சண்டைதான். கோவம் இன்னும் அடங்கல போல.

பெதானி: ...கோப்பி போடட்டுமா ஆன்ட்டி?

தங்கம்: கோப்பி கெடக்கட்டும். எங்க விழுந்தாரு? இந்த வாசல்லயா?

பெதானி: இல்ல... ஹால்ல. அந்த நாற்காலிகிட்ட.

தங்கம்: ஹால்லயா? சண்டை போட வந்தவரு ஹால் வரைக்குமா வந்தாரு?

பெதானி: நான்தான்... உள்ள வாங்கன்னேன்.

தங்கம்: நானா இருந்தா மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்தியிருப்பேன். நீ நல்ல பொண்ணு. சரி உக்காரு, ஒண்ணு சொல்லணும். படியேறி வரும்போதே எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சு யோசிச்சு, ஒண்ணும் வரல.

பெதானி: அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி...

தங்கம்: குறுக்க பேசாத, மறந்துடுவேன். டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? "வீட்ல தனியா இருந்திருந்தா சான்ஸே இல்ல"ன்னாரு. அந்த நேரத்துல நான் தேக்கா கடையில நிக்கிறேன். யாரோ ஒரு அம்மாவுக்கு எடுத்து எடுத்துப் புடவை காட்டிக்கிட்டிருக்கேன். சாயந்தரம் வந்து கதவைத் தொறந்திருந்தா... என்னத்தைப் பார்த்திருப்பேன்? நீ இந்தச் சின்னக் கையால அமுக்கி அமுக்கி...

பெதானி: எனக்கு ஒண்ணுமே தெரியாது ஆன்ட்டி. போன்ல 995 ஆம்புலன்ஸ் லேடி "ஒன், டூ, த்ரீ, ஃபோர்"னு எண்ணிக்கிட்டே இருந்தாங்க, நான் அமுக்கிக்கிட்டே இருந்தேன். கத்தின கத்துல கோடி வீட்டு யூசுப் அங்கிள் ஓடி வந்தாரு. அவர்தான் கீழ லிஃப்ட்கிட்ட மாட்டியிருக்குமே, ஷாக் குடுக்கிற பெட்டி, அதைத் தூக்கிட்டு வந்தாரு. அந்த வயசுல, படியில...

தங்கம்: தெரியும். யூசுப் பாய் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். உன்கிட்டதான் வர முடியல.

பெதானி: ஆன்ட்டி... எலும்பு முறிஞ்சுது. நான் அமுக்கினப்போ. என் கையிலேயே தெரிஞ்சுது. ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சத்தம்தான்.

தங்கம்: முறிஞ்சா முறியட்டும்! எலும்பு ஒட்டிக்கும்லா. போன மூச்சு ஒட்டுமா? ஏய், அழாத. நீ அழுதா நானும் அழுவேன், வந்த வேலை கெட்டுடும். இந்தா, இந்தப் பையைப் பிரி.

பெதானி: என்னது... எவர்சில்வர் தட்டா?

தங்கம்: சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடையில வாங்கினேன். நல்ல கனம், தூக்கிப் பாரு. யூசுப் பாய்க்கு. இதுல பேர் வெட்டிக் குடு.

பெதானி: கடையிலயே வெட்டித் தருவாங்களே ஆன்ட்டி?

தங்கம்: தருவாங்க. ஒரு நிமிஷத்துல டர்ர்ர்னு வெட்டி நீட்டிடுவான். அவனுக்கு என்ன தெரியும் யாருக்கு, எதுக்குன்னு? அந்த மனுஷன் ஓடி வந்தது இந்த வீட்டுக்கு. இங்கதான் வெட்டணும்.

பெதானி: வெட்டணும்தான். ஆனா... எவர்சில்வர்ல இந்த ஊசி ஏறாது ஆன்ட்டி.

தங்கம்: ஏறாதா?

பெதானி: அது ரொம்ப கெட்டி. என் மெஷின் மேசை மேல வைக்கிற சின்ன மெஷின். அலுமினியம், பித்தளை, செம்பு... இப்படி மெத்துன்னு இருந்தாத்தான் கீறும். அதோட தட்டுக்கு விளிம்பு இருக்கு. இந்த இடுக்குல நுழையாது பாருங்க.

தங்கம்: அலாமாக்! அத்தனை சத்தம் போடுற மெஷினுக்கு ஒரு சோத்துத் தட்டுல பேர் வெட்டத் தெரியாதா?

பெதானி: சிரிக்காதீங்க ஆன்ட்டி. இருங்க, பித்தளைத் தகடு இருக்கு. உள்ளங்கை அளவு. கதவு நம்பர் மாதிரி வாசல்ல ஒட்டிக்கலாம். தட்டையும் குடுங்க, தகட்டையும் குடுங்க.

தங்கம்: பளபளன்னு இருக்கே... சரி, இதுலயே வெட்டு. மேல பெருசா "நன்றி". கீழ அவர் பேரு, முகம்மது யூசுப்னு முழுசா. தமிழ்லதான் போடணும். பாய் குடும்பம் நாகூர்ப் பக்கம், நல்லாத் தமிழ் படிப்பாரு.

பெதானி: செஞ்சு வெக்கிறேன் ஆன்ட்டி. அங்கிள் வரட்டும், அப்புறமா...

தங்கம்: அவர் வர்றதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பெதானி: இல்ல... ஒடம்பு முடியாம இருக்கிற நேரத்துல இந்தச் சத்தம்...

தங்கம்: அவர் கெடக்கிறது ஆஸ்பத்திரியில. அங்க வரைக்குமா கேக்கும்? இப்பவே ஓட்டு. நான் பார்க்கணும். இத்தனை நாள் கீழேர்ந்து கேட்டதோட சரி, ஒரு தடவைகூடக் கண்ணால பார்த்ததில்ல.

பெதானி: சரி... இதான் மெஷினுக்குள்ள போற பிளாஸ்டிக் விரிப்பு. ஒரு பக்கம் பசையா இருக்கும். தகட்டை இதுல வெச்சு, நாலு பக்கமும் டேப் போட்டு இறுக்கணும். இல்லன்னா ஊசி இழுக்கிற இழுப்புல தகடு நகர்ந்துடும்.

தங்கம்: இதென்ன, வெள்ளை வெள்ளையா வளையம்?

பெதானி: உருளையில இருக்கிற வளையம். இதை ஓரமாத் தள்ளிடணும். நடுவுல இருந்தா தகட்டு மேல ஏறி வரிவரியாத் தடம் போட்டுடும்... டேப்போட இந்த முனையைக் கொஞ்சம் புடிங்க ஆன்ட்டி.

தங்கம்: ம்... பெதானி.

பெதானி: சொல்லுங்க.

தங்கம்: நான்தான்மா அனுப்பினேன்.

பெதானி: யாரை?

தங்கம்: அவரை. அன்னைக்குக் காலையில. செருப்பை மாட்டிக்கிட்டே, "இன்னைக்கும் மேல சத்தம் போட்டா சும்மா விடாதீங்க, போய் நல்லா நாலு வார்த்தை கேளுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினேன். அவர் தலையை ஆட்டினாரு. மனுஷன் பொறந்ததுலேர்ந்து யாரையும் அதட்டினதில்ல. அந்த மனுஷனைப் போய் சண்டைக்கு ஏவி விட்டு... கோவத்துல நெஞ்சு அடைச்சுப் போச்சு.

பெதானி: ஆன்ட்டி, அப்படி இல்ல...

தங்கம்: நீ ஆறுதல் சொல்லாத. எனக்குத் தெரியும். வார்டுல அவர் முகத்தைப் பார்க்க முடியல. கஞ்சியை ஊட்டிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். "ஏம்மா அப்பாகிட்ட பேசவே மாட்டேங்கறீங்க"ன்னு சரத் கேக்கிறான். பெத்த புள்ளைகிட்ட என்னன்னு சொல்லுவேன்? உங்கப்பா நெஞ்சுக்கு நான்தான் நெருப்பு வெச்சேன்னா?

பெதானி: ஆன்ட்டி...

தங்கம்: உனக்கு நன்றி சொல்ல வந்தேன். அதுகூட வாய் தொறந்து வரல. எந்த வாயால சொல்றது? அனுப்பின வாயும் இதானே... ம். ஓட்டு. பட்டனை அமுக்கு.

பெதானி: ...அமுக்கிட்டேன்.

தங்கம்: கர்ர்ர்... இதான், இதான்! கிட்ட கேட்டா இவ்ளோ மெதுவாத்தான் இருக்கா?

பெதானி: முதல் நாள் நீங்க தட்டினதுமே மேசைக் காலுக்கெல்லாம் யோகா மேட்டை வெட்டி வெச்சேன். அப்பவும் தட்டினீங்க.

தங்கம்: ...ஊசி ஓடுறது எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தங்கப் பொடி கணக்கா உதிருது பாரு.

பெதானி: கை வெக்காதீங்க! குத்தும். முடிஞ்சதும் டேப்பால ஒத்தி எடுத்துடுவேன்.

தங்கம்: "ந"... "ன்"... ஏம்மா, கம்ப்யூட்டர் எழுத்துன்னா அச்சடிச்ச மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இது கையால எழுதின மாதிரி இருக்கு.

பெதானி: அது... இப்ப அந்த மாதிரியும் வருது ஆன்ட்டி.

தங்கம்: அழகா இருக்கு. "றி"... இரு. இந்த "றி"... சுழி எங்க போய் முடியுது பாரு. மேல போய், வளைஞ்சு, குடை மாதிரி... பெதானி, எங்க அடுக்களையில எல்லா டப்பாவுலயும் பேர் எழுதி ஒட்டியிருக்கு. மிளகு, சீரகம், கறித்தூள். கறித்தூள்ல வர்ற "றி" இதேதான். தினம் பார்க்கிற எழுத்து எனக்குத் தெரியாதா? இது எங்க வீட்டுக்காரர் கையெழுத்து.

பெதானி: ...ஆமா ஆன்ட்டி.

தங்கம்: இது எப்படி உன் மெஷினுக்குள்ள வந்துச்சு?

பெதானி: அலமாரியத் தொறந்து பழக்கத்துல எடுக்கிற மாதிரி, கை அங்கிள் எழுத்து இருக்கிற ஃபைலைத்தான் எடுத்திருக்கு. நான் கவனிக்கல... அங்கிள் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு.

தங்கம்: என்ன சொல்லக் கூடாதுன்னு?

பெதானி: அவர் என்கிட்ட ஒரு நாளும் சண்டை போட்டதில்ல ஆன்ட்டி.

தங்கம்: என்னது?

பெதானி: முதல் நாள் வந்தாரு, நிஜமாவே கோவமாத்தான் வந்தாரு. இல்ல, கோவமா இருக்கிற மாதிரி. கதவுகிட்ட நின்னு, "இங்க பாரும்மா..."ன்னு ஆரம்பிச்சாரு. அப்ப இந்த ஸ்க்ரீனைப் பார்த்துட்டாரு. மெஷினோட சாஃப்ட்வேர்ல தமிழ் போட்டா உடைஞ்சு போயிடும். கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். "நன்றி"யே கன்னாபின்னான்னு கெடந்துது. அப்படியே வந்த சண்டையை மறந்துட்டு, "ஏம்மா எழுத்தை இப்படிக் கையைக் காலை ஒடிச்சுப் போட்டிருக்க?"ன்னாரு.

தங்கம்: அவரா கேட்டாரு?

பெதானி: பேனாவை வாங்கி எழுதிக் குடுத்தாரு. நான் அதைப் போட்டோ எடுத்து, கோடாக்கி, ஒரு அலுமினியத் துண்டுல ஓட்டினேன். தன் எழுத்து தகட்டுல வர்றதைப் பார்த்து... ஆன்ட்டி, அந்த முகத்தை நீங்க பார்த்திருக்கணும். மறுநாள் அவரா பெல் அடிச்சாரு. "அ"லேர்ந்து எல்லா எழுத்தும் எழுதிட்டு வந்திருந்தாரு.

தங்கம்: சாயந்தரம் நான் கேட்டா, "நல்லா டோஸ் விட்டேன்"ம்பாரே!

பெதானி: அதையும் இங்கதான் ரிகர்சல் பார்ப்பாரு. "இன்னைக்கு என்ன திட்டினேன்னு சொல்லட்டும்?"னு என்கிட்டயே கேப்பாரு. நான் எடுத்துக் குடுப்பேன்.

தங்கம்: அப்ப லிஃப்ட்ல என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்குவியே? பாவம், ரொம்பத்தான் திட்டிட்டாரோன்னு...

பெதானி: அதுவும் அவர் சொல்லிக் குடுத்ததுதான். "தங்கத்தைப் பார்த்தா கொஞ்சம் அழுத மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடும். அதான் குனிஞ்சுக்குவேன்.

தங்கம்: அடப் பாவிங்களா...

பெதானி: தினம் வருவாரு. அந்த நாற்காலியில உக்காந்து கோப்பி குடிச்சுக்கிட்டே கதை கதையாச் சொல்லுவாரு. பஸ் ஓட்டின கதை. மழையில புக்கிட் பாஞ்சாங் ஸ்டாப்புல குடையை மறந்துட்டுப் போன அம்மாவுக்கு மறுநாள் குடையைக் குடுத்தாராமே? வாய் ஓயாது அவருக்கு.

தங்கம்: யாருக்கு? எங்க வீட்டுக்காரருக்கா?

பெதானி: ஆமா.

தங்கம்: ...கோப்பியில சீனி போட்டியா?

பெதானி: கோப்பி ஓ கொசோங்தான் ஆன்ட்டி. சீனியே இல்ல.

தங்கம்: பொய்.

பெதானி: ...ஒரே ஒரு கரண்டி. இனிமே சத்தியமா இல்ல.

தங்கம்: அன்னைக்கு... விழுந்த அன்னைக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு? மறைக்காமச் சொல்லு.

பெதானி: ஒரு கல்யாண ஆர்டர். பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் ஒரே எழுத்துல முடியுது. அந்தக் கடைசி எழுத்தை ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணாப் போடணுமாம். "இப்பவே எழுத்தைப் பங்கு போட்டா அப்புறம் பாத்ரூமுக்குச் சண்டை வராதா?"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே கோப்பிக் கப்பைக் கீழ வெச்சாரு. வெச்ச கை திரும்ப வரல.

தங்கம்: சிரிச்சுக்கிட்டா?

பெதானி: சிரிச்சுக்கிட்டுத்தான் ஆன்ட்டி.

தங்கம்: என் மேல ஆணையா?

பெதானி: மாதா மேல ஆணையா. கோவமே இல்ல. சண்டையே இல்ல. நீங்க ஏவி விட்ட சண்டை ஒரு நாளும் இந்த வாசலைத் தாண்டி உள்ள வந்ததே இல்ல. ஆன்ட்டி? தண்ணி குடிக்கிறீங்களா?

தங்கம்: வேணாம். கொஞ்ச நேரம் சும்மா இரு... அப்பாடா. அம்மா. சிரிச்சுக்கிட்டு...

பெதானி: "மேல, மேல"ன்னு கேக்கிறது கோவமில்ல ஆன்ட்டி. அந்தக் கல்யாணத் தகடு முடிஞ்சுதான்னு கேக்கிறாரு. அவர் இல்லாம எனக்கு ஓட்ட மனசு வரல. காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டு எப்படி ஓட்டுறது? அதான் நிப்பாட்டிட்டேன்.

தங்கம்: இனிமே ஓட்டு. இன்னைக்கே அதை முடிச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நான் வார்டுல காட்டறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே காட்டறேன்.

பெதானி: அனுப்பறேன். ஆன்ட்டி, நீங்க நன்றி சொல்ல வந்தீங்க. சொல்ல வேண்டியவ நான்தான். ஆபீஸ்ல ரிட்ரெஞ்ச் பண்ணி வீட்டுக்கு அனுப்பினப்புறம், என் ஹஸ்பண்ட் ஆர்னால்ட் காலையில வேலைக்கு ஜூரோங் போயிட்டா இந்த மெஷினும் நானும்தான். பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு கெடையாது. ஆர்டரும் வரல. அங்கிள் எழுத்துல போட ஆரம்பிச்சப்புறம்தான் ஆளுங்க தேடி வந்து கேக்கிறாங்க. பூன் லேயிலேர்ந்து சிராங்கூன் வரைக்கும் எத்தனையோ வாசல்ல அவர் கையெழுத்துதான் ஒட்டியிருக்கு. அவர் என் வீட்டுக்கு வந்தது எனக்குக் கெடைச்ச...

தங்கம்: சொல்லு.

பெதானி: தமிழ்ல வார்த்தை தெரியல ஆன்ட்டி. நல்லது. ரொம்ப நல்லது.

தங்கம்: அதுவே போதும். ஏய், சத்தம் நின்னுடுச்சு. முடிஞ்சுதா?

பெதானி: முடிஞ்சுது. இருங்க, பொடியை ஒத்தி எடுக்கறேன்... இப்பப் பாருங்க.

தங்கம்: நன்றி... முகம்மது யூசுப்... பாய் வீட்டு வாசல்ல எங்க வீட்டுக்காரரே எழுதிக் குடுத்த மாதிரி. அவருக்குத் தெரிஞ்சா குதிப்பாரு. வெளங்குதா, இதுக்குத்தான் தட்டுல வெட்டலன்னு நெனச்சுக்கறேன்.

பெதானி: ஆன்ட்டி... நான் ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?

தங்கம்: இனிமே உன்கிட்ட கோவிக்க என்ன இருக்கு? கேளு.

பெதானி: நான் காலையில மட்டும்தான் மெஷினை ஓட்டுவேன். மத்தியானம் சமையல், அப்புறம் பேக்கிங். நீங்க காலையிலேயே தேக்கா போயிட்டா சாயந்தரம்தான் வர்றீங்க. லீவு நாள்ல நான் ஓட்டுறதே இல்ல. ஆனா தினம் சாயந்தரம் நீங்க முகட்டைத் தட்டுவீங்க. மெஷின் மூடி கெடக்கும், தட்டுச் சத்தம் மட்டும் கேக்கும். ஆர்னால்டும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்குவோம். நீங்க எந்தச் சத்தத்துக்கு ஆன்ட்டி தட்டினீங்க?

தங்கம்: முதல் நாள் காலையில கிளம்பும்போது கேட்டதோட சரி, அப்புறம் சத்தம் எங்கம்மா கேட்டுச்சு... எங்க வீட்லதான் ஒரு சத்தமும் இல்லையே. கடைசி பஸ்ஸை டிப்போவுல விட்டுட்டு வந்த நாள்லேர்ந்து அந்த மனுஷன் ஜன்னலோரம் உக்காந்துக்கிட்டு, கீழ போற பஸ்ஸையே பார்த்துக்கிட்டு, என்கிட்டகூட வாயைத் தொறக்கல. பேசக் கூப்பிட்டா வரமாட்டாரு. சண்டைக்காவது யார்கிட்டயாவது நாலு வார்த்தை பேசட்டும்னுதான் உன் வாசலுக்கு அனுப்பி வெச்சேன்.